களைப்பு இறங்கிய குழி

உப்பளம் முடிந்து கடல் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் தரை மிச்சமிருந்தது. அந்தத் தரையில் நான்கு மாடி எழுப்பி, அறுபத்துநான்கு வீடுகள் கட்டி, அளத்தில் உப்பு வாருகிறவர்களையும் மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறவர்களையும் குடிவைத்திருந்தார்கள். அங்கே சுவரில் அடித்த ஆணியை ஒரே மாதத்தில் துரு தின்றுவிடும். பிளக் பாயின்டுக்குள் இருக்கிற செம்பு பச்சை பூத்துப் பொரிந்துபோகும். செல்போனைச் சார்ஜில் போட்டவர்கள் கையில் சுள்ளென்று வாங்கிக்கொண்டு, அதையும் உப்புக்காற்றின் குணம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஏதோ ஒரு அறக்கட்டளை, வீட்டுக்கு இரண்டு என்று கணக்காக, யூஎஸ்பி வயரை நேராகச் சொருகிக்கொள்கிற புது மாதிரி பிளக் பாயின்டுகளை வெள்ளை அட்டைப்பெட்டிகளில் அனுப்பிவைத்தபோது, அதையெல்லாம் மாட்டிக்கொடுக்கிற வேலை இரண்டாம் மாடியில் குடியிருந்த தவசீலிக்கு வந்தது.

தவசீலி ஐடிஐ படித்து லைசென்ஸ் வாங்கிய வயர்மேன். லைசென்ஸிலேயே வயர்மேன் என்றுதான் போட்டிருந்தது, அவளும் அதை மாற்றச் சொல்லி யாரிடமும் போய் நிற்கவில்லை. அவள் புருஷன் ஞானதுரையும் அதே வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் போய்விட, அன்றிலிருந்து கட்டில்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளிக்கிற இடத்துக்கும், திரும்பக் கட்டிலுக்கும் அவனைத் தூக்கித் தூக்கி அவளுடைய நடு முதுகில் ஒரு வலி வந்து வீட்டு ஆள் மாதிரி தங்கிவிட்டிருந்தது.

முதல் பிளக்கை அவள் மாட்டியது கீழ்த்தளத்தில் முத்துக்கிளி வீட்டில். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். முத்துக்கிளி அளத்திலிருந்து வந்து, உப்புத்தண்ணீரில் ஊறி வெடித்த கால்களை நீட்டி, புதிதாக மாட்டிய பிளக்குக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தவசீலி சோதித்துப் பார்க்கச் சொருகியிருந்த வயரின் மறுமுனை தொங்கி அவள் கணுக்காலில் பட்டது. அவ்வளவுதான் நடந்தது. பொறி பறக்கவில்லை, சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவள் கணுக்காலிலிருந்து ஏதோ ஒன்று, நூல்கண்டிலிருந்து நூல் உருவுகிற மாதிரி மெதுவாகச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முத்துக்கிளி எழுந்து உலை வைத்தாள், துணி துவைத்தாள், யாரும் சொல்லாமலே மாடிப்படி நான்கையும் கழுவி இறக்கினாள், பிறகு ஈரக்கையோடு வந்து நின்று, இன்னும் என்ன வேலை கிடக்கிறது என்று தவசீலியிடம் கேட்டாள். புது பிளக் மாட்டினால் வீட்டில் இப்படியும் நடக்கும்போல என்று நினைத்தபடி தவசீலி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பதினோரு நாளில் அறுபத்துநான்கு வீடும் முடிந்தது. அதற்குள் குடியிருப்பு முழுக்க விஷயம் தெரிந்து, அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டிருந்தது. யூஎஸ்பி சொருகுகிற அந்தச் சிறிய துவாரத்தை ஜனங்கள் சின்னவாய் என்றார்கள். களைப்பை இறக்கி வைப்பது என்றார்கள். அளத்திலிருந்து வருகிறவர்கள் மத்தியானத்திலும், மீன் கம்பெனிப் பெண்கள் சாயங்காலத்திலும், லாரி ஓட்டுகிறவர்கள் வந்த நேரத்திலும் இறக்கி வைப்பது என்று ஒரு முறை ஏற்பட்டது. வெறும் வயிற்றோடு இறக்கி வைக்கக் கூடாது என்று யாரோ சொன்னதை எல்லாரும் கடைப்பிடித்தார்கள். விருந்தாள் வந்தால் தண்ணீர் கொடுத்த கையோடு வயரையும் எடுத்துக் கொடுப்பது மரியாதையாயிற்று. கால் வலி என்றால் கணுக்கால், இடுப்பு வலி என்றால் வயிற்றோரம், இன்ன இடத்தில்தான் என்று சொல்ல முடியாத களைப்பு என்றால் புருவமத்தி என்று வயரின் முனையை எங்கே வைப்பது என்பதற்குக்கூட வீட்டுக்கு வீடு ஒரு கைப்பழக்கம் உண்டாகிவிட்டது.

தவசீலியும் வைத்தாள். முதுகில் வயரை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நூறு எண்ணினால் போதும், ஞானதுரை அவள் கைகளில் பஞ்சுத் தலையணைபோல வந்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவனை அவள் மூச்சு வாங்காமல் தூக்கினாள். அவனும் முதல் தடவையாகக் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் அவளைப் பார்த்தான்.

பிறகு மெல்ல மெல்லச் சில விஷயங்கள் குடியிருப்பை விட்டுப் போயின. முதலில் கொட்டாவி போயிற்று. அப்புறம் தூக்கம் போயிற்று. தேவையில்லாமல் போனதால் அது போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாய்களைச் சுருட்டிப் பரணில் போட்டார்கள், கட்டிலில் துணி அடுக்கினார்கள். பிள்ளைகள் கண் சிவக்காமல், சிணுங்காமல், யாரும் தட்டிக் கொடுக்கத் தேவையில்லாமல் இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருந்து, விளையாட்டெல்லாம் தீர்ந்துபோய், வராந்தாக்களில் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். கனவு என்று ஒன்று இருந்ததே என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் யோசித்துப் பார்த்து, ஆமாம் இருந்தது என்றார்கள். அளத்துக் கங்காணி, இந்தக் குடியிருப்புக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்தி போதாது என்று கண்டுபிடித்து இரண்டு கொடுத்தான், பிறகு மூன்று. மூன்றையும் முடித்துவிட்டு வந்து வயரை எடுத்தார்கள். உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு காரணமாக இருந்ததும் அந்தக் களைப்புதான் என்பதால், படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிற பழக்கமும் நின்றுவிட்டது.

இறக்கி வைத்தது எங்கே போகிறது என்று கேட்க வேண்டிய ஒரே ஆள் தவசீலி. போன கரன்ட் ஒரு வழியாகத் திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் பூமிக்குள் இறங்கியாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஞானதுரை பஞ்சுபோல வந்துகொண்டிருந்தான், அதனால் அவள் கேட்கவில்லை.

குடியிருப்பின் பின்பக்கம், கீழ்த்தளத்து வீடுகளின் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, கட்டடத்துக் கரன்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழி இருந்தது. உப்பும் கரியும் போட்டு நிரப்பி, நடுவில் குழாய் இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்பார்கள். முதலில் அதன் பக்கத்தில் ஒரு பூனை படுத்தது, எழுந்திருக்கவில்லை. மூச்சு வந்துகொண்டிருந்தது, உடம்பு சூடாக இருந்தது, மீசை அசைந்தது. கூப்பிட்டால் காது மட்டும் திரும்பியது. பிறகு இரண்டு நாய்கள் படுத்தன. குழிக்கு மேலே பறந்த காக்கைகள் பாதி பறப்பிலேயே சொக்கி, பழுத்த இலைபோலச் சுழன்று இறங்கி, சிறகுக்குள் தலையைச் செருகிக்கொண்டன. பக்கத்து வேப்பமரம் பட்டப்பகலில் இலைகளைக் கூப்பிக்கொண்டு நின்றது. ஒரு நாள் வாட்ச்மேன் இசக்கிமுத்து நாய்களை விரட்டப் போய், குழியருகே குந்தி, கம்பைத் தரையில் வைத்து, கையைத் தலைக்கு அண்டக் கொடுத்துச் சாய்ந்தார்.

அவரை எழுப்பப் பார்த்தார்கள். இழுத்து அப்பால் கிடத்தியும் பார்த்தார்கள். அவர் முகம் அப்படியே குழியின் பக்கம் திரும்பியிருந்தது. கடைசியில், ஒரு மனுஷன் தூங்குகிறதில் என்ன கெட்டுப்போயிற்று என்று ஜனங்கள் தீர்மானித்தார்கள். நாலு கம்பு நட்டு மேலே ஓலை போட்டார்கள். அங்கே உட்காராமல் நின்றபடியே குனிந்து வாயோரம் கஞ்சியை விட்டால் விழுங்கினார். வாரம் ஒருமுறை லாரிக்காரர் மாடசாமி சவரம் செய்துவிட்டார். இசக்கிமுத்துவுக்குக் குடும்பம் கிடையாது என்பதால் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பேர்ப்பட்ட நிம்மதியான முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று சொல்லிச் சில பெண்கள் ஓலைக்கு எட்ட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

தவசீலி ஒரு முற்பகல் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய் எர்த் குழாயில் வைத்தாள். டெஸ்டருக்குள் இருக்கிற சிறு விளக்கு, தூக்கக் கலக்கத்தில் கண்ணைத் திறக்கிற ஆள் மாதிரி மங்கலாகச் சிவந்து அணைந்து சிவந்தது. அவளுக்குக் கொட்டாவி வந்தது. மூன்று மாதத்தில் அந்தக் குடியிருப்பில் யாருக்காவது வந்த முதல் கொட்டாவி அது. தூங்கவைக்கிற தரை எதுவரை இருக்கிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரம் ஒரு எறும்பு வரிசை கோட்டுக்கு ஒரு அடி வெளியே, அரிசிக் குருணையைத் தூக்கியபடியே தூங்கிக்கொண்டிருந்தது.

முத்துக்கிளியிடம் போய்ச் சொன்னாள். சின்னவாய்களைக் கழற்றிவிடலாம் என்றாள். முத்துக்கிளி கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"கழத்திட்டு, மூணு பாத்தியும் யாரு வாருவா? நீ வாருவியா?"

தவசீலி சுவரிலிருந்த சின்னவாயைப் பார்த்தாள்.

"ஒம் புருஷன நாளைக்கு எப்படித் தூக்குவ? அதச் சொல்லு மொதல்ல."

தவசீலி திரும்பி வந்தாள். அன்றைக்கும் முதுகில் வயரை வைத்துக்கொண்டாள்.

எர்த் குழிக்கு நேராக இருந்த கீழ்த்தளத்து வீட்டில் பொன்செல்வி பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகியிருந்தது. அந்தக் கைக்குழந்தை ஒன்றுதான் குடியிருப்பிலேயே அழுது, தூங்கி, எழுந்து, திரும்ப அழுகிற உயிர். அதன் அழுகை நான்கு மாடிக்கும் கேட்கும், கேட்கிறவர்கள் காரணம் தெரியாமல் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள். ஒரு வியாழக்கிழமை அந்த அழுகை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. பொன்செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு மாடி ஏறிவந்து, எல்லா வீட்டு வாசலிலும் நின்று, பிள்ளை எழும்ப மாட்டேங்குது என்று ஒரே சொல்லைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சோதித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை, தூங்குகிறது, வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை என்றார்கள். பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக விட்டால் இறங்கியது, ஆனால் வேளைக்கு வேளை குறைவாக இறங்கியது.

சனிக்கிழமை தவசீலி யாரையும் கேட்காமல் மெயின் சுவிட்சை இறக்கினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சின்னவாய்களில் ஒன்றும் போகாமல் நின்றது. ஆனால் குழந்தை எழவில்லை. வராமல் நிறுத்திவிட்டால் போதாது, வந்து நிறைந்தது அப்படியேதான் கிடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

மத்தியான வெயிலில் தனியாகக் குழிக்குப் போனாள். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றி, ஈர மண்ணில் காலை ஊன்றி, குழாயைக் கையால் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, ஆழக் கிணற்றிலிருந்து வாளி ஏறிவருகிற கனத்தோடு ஒரு களைப்பு அவள் கைவழியாக ஏறியது. அவளால் நிற்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்தாள். நாய்களுக்கும் இசக்கிமுத்துவுக்கும் நடுவே நெடுநேரம் தலை தொங்க உட்கார்ந்திருந்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, பூனை எழுந்து நின்று முதுகை வளைத்து, அவளைக் கடந்து நடந்துபோனது.

அவள் நேரே முத்துக்கிளி வீட்டுக்குப் போய், வாசற்படியில் சரிந்து உட்கார்ந்து, எடுத்தால் வருகிறது என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை முத்துக்கிளி குனிந்து பார்த்தாள். இந்த மாதிரி ஒரு முகத்தை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"நான் எறக்கி வச்சதே மூணு மாசத்துக் களைப்பு இருக்கும்," என்றாள் முத்துக்கிளி. "அதத் தூக்கிக்கிட்டு நான் எந்திரிச்சு நடப்பனா?"

"நீங்க ஒங்களால ஆனத எடுங்கக்கா. எல்லாரும் எடுத்தா அந்தப் பிள்ள முழிக்கும்."

முத்துக்கிளி கதவைச் சாத்தாமலேயே கிளம்பினாள். அவள் பின்னால் எதிர்வீட்டுக்காரி, அவள் பின்னால் மாடசாமி, மாடிப்படியிலிருந்து மீன் கம்பெனிப் பெண்கள் என்று குடியிருப்பே வெறுங்காலோடு இறங்கிவந்து குழியைச் சுற்றி வரிசை கட்டியது. முறை வந்தவர் ஈரத்தில் நின்று குழாயைப் பிடிப்பார், தோள் இறங்கும், பல்லைக் கடித்துக்கொண்டு விலகுவார், அடுத்தவர் வருவார்.

அப்போதுதான் தெரிந்தது, குழிக்குள் போன களைப்புக்கு யாருடையது என்ற அடையாளம் இல்லை என்பது. முத்துக்கிளியின் விரல்கள் மடங்க மாட்டாமல் விறைத்துக்கொண்டன. அது ஐஸில் கைவைத்து இறால் உரிக்கிறவர்களுடைய களைப்பு. கம்பெனிப் பெண்பிள்ளைகள் இந்தக் கையோடா தினமும் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வருகிறார்கள் என்று அவள் யாரிடமோ கேட்டாள். இறால் உரிக்கிற பெண்ணொருத்திக்குப் பாதம் எரிந்தது. மாடசாமி இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, காலை அகட்டி வைத்து, மெதுவாகச் சுவரைப் பிடித்து நடந்தார். அது பொன்செல்வியின் ஒன்பதாம் மாதம். அவர் தன் வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டதாகச் சொன்னார்கள்.

தவசீலி வீட்டுக்கு வந்து கதவில் சாய்ந்தபோது ஞானதுரை கட்டிலில் முழங்கை ஊன்றி எழும்பியிருந்தான். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தன்னையும் தூக்கிக்கொண்டு போகச் சொன்னான். எதற்கு என்று கேட்டாள்.

"நானும் எறக்கி வச்சிருக்கேன், சீலி. நீ வேலைக்குப் போன பெறவு."

"படுத்துக் கெடக்கவருக்கு என்ன களைப்பு?" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

ஞானதுரை தலைக்கு மேலிருந்த மோட்டைப் பார்த்தான். ஆறு வருஷமாகப் பார்த்த மோடு. "அது ஒனக்குத் தெரியாதுதான்," என்றான்.

நாற்காலியோடு அவனை நான்கு பேர் படியிறக்கினார்கள். நான்கு பேருக்கும் யார் யாருடையதோ வலி இருந்ததால் ஒவ்வொரு படியிலும் நின்றார்கள். அவன் குனிந்து குழாயைப் பிடித்தான். வெகுநேரம் பிடித்தான். பிறகு அவன் முகம் கோணியது. குனிந்து தன் கால்களைப் பார்த்தான், யாரோ அந்நியர் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"வலிக்கு," என்றான். "சீலி, கெண்டைக்கால் வலிக்கு."

நாள் முழுக்கப் பாத்தியில் நடந்த யாரோ ஒருத்தருடைய கால்வலி அது. காலை அசைக்க முடியவில்லை, கிள்ளினால் தெரியவில்லை. ஆனால் வலித்தது. தவசீலி ஈர மண்ணில் உட்கார்ந்து அந்தக் கால்களை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிடத் தொடங்கியபோது, கீழ்த்தளத்து வீட்டுக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அதன்பிறகு மூன்று நாள் அந்தக் குடியிருப்பு தூங்கியது. ஆட்களைக் கூட்டிப்போக வந்த கங்காணி, படிக்கட்டிலும் வராந்தாவிலும் வாசல்களிலும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, வாய் திறந்து குறட்டை விடுகிற ஜனங்களைத் தாண்டித் தாண்டி நாலாம் மாடி வரை போய் இறங்கிவந்து, கீழ்த்தளத்தில் தூங்குகிற தாயின் மடியில் விழித்திருந்த ஒரே உயிரான பொன்செல்வியின் குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்ததும் பயந்து திரும்பிப் போனான். மூன்று பாத்தி பேச்சை அவன் பிறகு எடுக்கவில்லை.

தவசீலி சின்னவாய்களையெல்லாம் கழற்றி, பழைய மாதிரி பிளக்குகளையே மாட்டினாள். இப்போதும் சிலர் வேலை முடிந்து வந்ததும் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துச் சற்றுநேரம் நிற்பார்கள். பிறகு அவர்களாகவே கையை எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் இசக்கிமுத்து எழுந்திருக்கவில்லை. இடையில் ஆறு குடும்பங்கள் திருப்பூருக்குப் பிழைக்கப் போயிருந்தன. அவர்கள் இறக்கி வைத்தது எடுக்க ஆளில்லாமல் குழியில் கிடந்தது. மற்றவர்கள் தங்கள் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள், இனி அவர்களிடம் கேட்பது நியாயமில்லை. ஞானதுரை தான் எடுப்பதாகச் சொன்னான்.

தினமும் மத்தியானம் தவசீலி, யாராவது கைகொடுக்க, அவனைக் கீழே கொண்டுபோனாள். இப்போது அவன் பஞ்சு இல்லை, முழு ஆள். மூச்சு வாங்கியது, முதுகு விண்டுபோனது. அவன் ஈர மண்ணில் உள்ளங்கையைப் பதித்துக் காத்திருப்பான். சில நாள் தோள் வலிக்கும், சில நாள் கண் எரியும். கால் வலி வருகிற நாளில் அவன் யாரோடும் பேசாமல், வலி தீர்ந்துவிடக் கூடாதே என்பதுபோல அசையாமல் இருப்பான். வேப்பமரம் ஒவ்வொரு கிளையாக இலை விரித்தது. காக்கைகள் ஒவ்வொன்றாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து பறந்தன. பத்தொன்பதாம் நாள் இசக்கிமுத்து எழுந்து உட்கார்ந்து, தாடையைத் தடவிப் பார்த்து, யார் தனக்குச் சவரம் செய்தது என்று கேட்டார். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்.

மறுநாளும் ஞானதுரை வரவேண்டும் என்றான். கொண்டுவந்தாள். உள்ளங்கையை மண்ணில் வைத்தான், ஒரு மணி நேரம் வைத்திருந்தான். மண் வெறும் மண்ணாக இருந்தது. நிழல் நகர்ந்து போயிற்று. அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றான் கடைசியில். "தீந்துட்டு."

அவனைத் தூக்குவதற்காக எழப்போனவள் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கே தெரியாமல் ஒரு முனகல் வெளியே வந்தது. ஞானதுரை மண்ணிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தான். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்; அவற்றுக்கு ஒரு குறையுமில்லை, இந்த ஆறு வருஷத்தில் ஒருநாளும் குறை இருந்ததும் இல்லை.

"திரும்பி உக்காரு," என்றான்.

அவள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் கட்டைவிரல் அவள் முதுகில் தேடிப் போயிற்று.

"இங்கேயா?"

"இன்னுங் கொஞ்சம் கீழ," என்றாள் தவசீலி.